ஒரு வீட்டுத் துணி

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அதைச் சொன்னவருக்கு வரித் துறையிலிருந்து ஒரு நாளும் கடிதம் வந்திருக்காது. எங்கள் மடியில் ஒன்றுமே இல்லை. இருந்தும் அந்தப் பழுப்பு உறையைப் பிரித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். தபால்காரரைத் தூரத்தில் பார்த்தால் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவேன், நான் கழுவி முடிக்கும்வரை அவர் கடிதம் கொடுக்க மாட்டார் என்பதுபோல.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சலவைக் கடை வைத்திருக்கிறோம். முன்பக்கம் கடை. துணி துவைக்கும் பழைய மெஷின்கள், ஒரு இஸ்திரி மேசை, துணி வாங்கி வைக்க ஒரு கவுன்டர். பின்பக்கம் இரண்டு அறை. அதுதான் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை தொங்கும். கடையில் யாராவது தும்மினால் வீட்டில் எனக்குக் கேட்கும்.

கடிதம் சொன்னது இதுதான். எங்கள் தண்ணீர் பில்லை வைத்துப் பார்த்தால், நாங்கள் கணக்கில் காட்டியதைப் போல மூன்று மடங்கு துணி துவைத்திருக்க வேண்டும். ஆகவே பாதிக்கு மேல் வியாபாரத்தை மறைத்திருக்கிறோம். ஆகவே வரி, அதற்கு வட்டி, இரண்டுக்கும் சேர்த்து அபராதம். கீழே போட்டிருந்த தொகையைக் கட்டுவதென்றால் மெஷின்களையும் கடையையும் பின்னால் இருக்கும் இரண்டு அறையையும் விற்க வேண்டும். திரைச்சீலை மட்டும் மிஞ்சும்.

கடைசியில் ஒரு வரி இருந்தது. கடை வாசலில் உள்ள பலகையில் 'தினமும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நாடி வரும் கடை' என்று எழுதியிருப்பதும் கவனத்தில் கொள்ளப்பட்டதாம். அந்தப் பலகையை எழுதியவர் என் வீட்டுக்காரர். நுணலும் தன் வாயால் கெடும். இவர் பெயின்ட்டால் கெட்டார்.

இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் இவரை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் பத்துப் பேர் வந்தால் ஐம்பது பேர் என்பார். ஐம்பது பேர் ஒரு நாளும் வந்ததில்லை, வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பிறரை ஏமாற்றும் புத்தி அவருக்குக் கிடையாது. அவருடைய அக்காவும் தம்பியும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களில் இவர் ஒருத்தர்தான் ஊரார் அழுக்கைத் துவைக்கிறார். அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும் போதெல்லாம் கடை இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும், அவர் வாயில்.

யாரோ சொல்லி ஒரு வரி ஆலோசகரிடம் போனோம். டயர் கடைக்கு மேலே ஒரே அறை, ரப்பர் வாசனை. நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, சிரிக்காத ஒரு பெண். சின்னக் கடைக்காரர்கள் வரித் தணிக்கையில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்காக அதிகாரி முன் போய் உட்காருவதுதான் அவருடைய வேலை. கடிதத்தை இரண்டு முறை படித்தார். இவர் நாற்காலியின் நுனிக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"வக்கீலம்மா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அந்த அதிகாரிகிட்ட நானே பேசிக்கிறேன்."

"நான் வக்கீல் இல்ல, வரி ஆலோசகர்" என்றார் அந்த அம்மா. "நீங்க பேசிடுவீங்களோங்கறதுதான் இப்ப என் கவலையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி ஏன் இவ்வளவு ஆகுது?"

"ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டுத் துணியோட சேத்துப் போட மாட்டேங்க" என்றேன்.

"ஒருத்தர் ரெண்டே ரெண்டு சட்டை குடுத்தா?"

"ரெண்டு சட்டையைத்தான் போடுவேன்."

"முழுத் தண்ணியிலயா?"

"உள்ள இருக்கறது ரெண்டு சட்டைதான்னு மெஷினுக்குத் தெரியுமாங்க? அது பழசு. தொறந்தா ரொம்பற வரைக்கும் பிடிக்கும்."

அது என் பிடிவாதம்தான். என் தலையணை உறை யாரோ ஒருவருடைய காலுறையோடு சேர்ந்து சுற்றுவதை நினைத்தால் எனக்குக் குமட்டும். எனக்குக் குமட்டுவதை இன்னொருத்தருக்கு எப்படிச் செய்வது? கடை திறந்த நாளிலிருந்து அப்படித்தான். பலகையில் இரண்டாவது வரியாக 'உங்கள் துணி உங்கள் துணியோடு மட்டும்' என்றுகூட இருக்கிறது. அதிகாரி முதல் வரியை மட்டும் படித்திருக்கிறார்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வியாபாரம் தெரியாதவங்க பண்ற வேலை. ஆனா உங்களக் காப்பாத்தப் போறதும் இதுதான். எழுதிக் குடுத்தா மட்டும் நம்ப மாட்டாங்க. அதிகாரியே வந்து ஒரு நாள் முழுக்கக் கடையில உக்காந்து பாக்கட்டும். எத்தனை பேர் வர்றாங்க, எத்தனை தடவை மெஷின் ஓடுது, எவ்வளவு தண்ணி போகுது, கண்ணால பாக்கட்டும்."

அதிகாரி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காருவதா? இவரோ தலையைத் தலையை ஆட்டினார்.

"ரெண்டே விஷயம்" என்றார் ஆலோசகர். "அன்னிக்கு எல்லாம் எப்பவும் போலவே நடக்கணும். ஒரு துரும்பைக்கூட மாத்தக் கூடாது. அந்தப் பலகையையும் தொடாதீங்க, இப்ப எடுத்தா மறைக்கிறோம்னு ஆயிடும். அடுத்தது, பேச்சு. கேட்டதுக்கு மட்டும் பதில். நான் கண்ணாடியக் கழட்டினா அதோட நிறுத்திக்கணும். திருப்பிப் போட்டாத்தான் பேசணும். புரியுதா?"

"புரியுது புரியுது" என்றார் இவர். அவருக்கு ஒன்று புரிந்தது என்று இரண்டு முறை சொன்னால் புரியவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்திருந்தும் அன்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

தணிக்கை அதிகாரி ஒல்லியான ஆள். காதுக்கு மேலே ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். வந்ததும் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். காபியா டீயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆலோசகர் எதிர்ப் பக்கம் நாற்காலியில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மெஷின் பக்கம் நின்றேன். உள்ளங்கை வியர்த்து வியர்த்து, துடைத்த முந்தானை ஈரமாகிவிட்டது. இந்த ஆள் பென்சிலை எடுத்து எழுதும் ஒவ்வொரு கோடும் என் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு செங்கலை உருவுவதுபோல இருந்தது.

முதல் ஆள் உள்ளே வந்ததும் நான் மெஷினிலிருந்து திரும்பிப் பார்த்தேன். வந்தது என் நாத்தனார், இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். கையில் பெரிய துணி மூட்டை.

அண்ணி எங்கள் கடைக்கு ஒரு கைக்குட்டைகூடப் போட்டவர் இல்லை. அவர் வீட்டிலேயே எங்களுடையதைவிட நல்ல மெஷின் இருக்கிறது. "வாங்க மேடம், எப்பவும் போலவா?" என்றார் இவர், சொந்த அக்காவைப் பார்த்து. அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். இவர் சீட்டைக் கிழித்து ராஜ மரியாதையோடு நீட்டினார். பென்சில் ஒரு கோடு போட்டது.

அப்புறம் கொழுந்தனார் வந்தார். அவருக்குப் பின்னால் ஓர்ப்படி, முன்பின் தெரியாதவள்போல வேறு வழியைப் பார்த்துக்கொண்டு. சித்தப்பா வந்தார். அவர் கொண்டுவந்த போர்வை துவைத்து மடித்த மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு எங்கள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அன்று கவுன்டரில் வரிசை நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதிகாரி வருகிற நாளில் கடை வெறிச்சோடிக் கிடந்தால் மானம் போய்விடும் என்று இந்த மனிதர் சொந்தபந்தத்தையெல்லாம் வரச் சொல்லியிருக்கிறார். கூட்டம் வராத கடை என்று காட்டத்தான் அதிகாரியைக் கூப்பிட்டிருக்கிறோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சூனியம் வரிசையில் நின்று சீட்டு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

ஆலோசகர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம். இவ்வளவு கூட்டம் வரும் கடையா இது, என்னிடம் பொய் சொன்னீர்களா என்று கேட்கிற மாதிரி. நான் என்ன செய்வேன்? இவர்கள் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் நாடகம் ஆடினோம் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் இந்த ஒரு நாள் கூட்டத்தை வைத்தே வருஷம் முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். பயத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இவர் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு "அடுத்தவங்க வாங்க" என்றார்.

பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மூட்டைகளை எடுத்தேன். அண்ணியுடையது, கொழுந்தனார் உடையது, ஓர்ப்படியுடையது, சித்தப்பாவின் போர்வை. எல்லாவற்றையும் பெரிய மெஷினுக்குள் திணித்தேன், சோப்பைக் கொட்டினேன், கதவைச் சாத்தி பட்டனை அழுத்தினேன். விசேஷம் என்று எல்லோரும் எங்கள் வீட்டில் வந்து தங்கினால் அப்படித்தான் போடுவேன். நான் யோசித்துச் செய்யவில்லை. என் கைக்கு அது நம் வீட்டுத் துணி என்று தெரியும், அவ்வளவுதான்.

மெஷின் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. பென்சில் சத்தம் நின்றிருந்தது.

"அம்மா" என்றார் அதிகாரி. அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "இப்ப எத்தனை பேர் துணியைப் போட்டீங்க?"

நான் மெஷின் கதவைப் பார்த்தேன்.

"ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டுத் துணியோட சேக்கவே மாட்டோம்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. அதனாலதான் தண்ணி அதிகம்னு சொன்னீங்க. நான் கண்ணால பாத்தேன், வந்த எல்லாரோடதையும் ஒண்ணா போட்டீங்க. அப்ப எழுதிக் குடுத்தது பொய்யா?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நிறுத்து என்று அர்த்தம். எனக்கு அது தெரிந்தது. ஆனால் பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே. கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். நான் துணியைக் கலக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"அது எல்லாம் ஒரே வீட்டுத் துணிதான் சார்" என்றேன்.

"ஆளுக்கொரு சீட்டு கிழிச்சுக் குடுத்தாரே உங்க வீட்டுக்காரர். ஒரே வீடா?"

"இது என் நாத்தனார். அது கொழுந்தனார், பக்கத்துல நிக்கிறது அவர் சம்சாரம். போர்வை எங்க சித்தப்பாவோடது. இவங்க யாரும் இந்தக் கடைக்கு வர்றவங்க இல்ல. அதனாலதான் ஒண்ணா போட்டேன். வெளியாள் துணின்னா இந்தக் கை சேத்துப் போடாது சார், வெட்டிப் போட்டாலும் போடாது."

மெஷின் மட்டும் சுற்றியது. ஓர்ப்படி கையில் இருந்த சீட்டை மெல்லக் கவுன்டரில் வைத்தாள். இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி நோட்டை மூடினார். "கூட்டத்தைக் கம்மியா காட்டறதுக்கு வாசல்ல ஆள் நிறுத்தித் திருப்பி அனுப்பினவங்களைப் பாத்திருக்கேன். கூட்டம் காட்டறதுக்கு ஆள் புடிச்சவங்களை இப்பத்தான் பாக்கறேன்." சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்குப் பாத்தது எதுவும் செல்லாது. தணிக்கையை ஏமாத்தப் பாத்தாங்கன்னு நான் எழுதலாம். எழுதினா என்ன ஆகும்னு உங்க ஆலோசகருக்குத் தெரியும்."

இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆலோசகர் எழுந்தார். அவருக்குள்ளும் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது தெரிந்தது, ஆனால் குரல் ஏறவில்லை. "தாராளமா எழுதுங்க சார். கூடவே இதையும் எழுதுங்க. வருமானத்தை மறைக்கிறவன் கூட்டத்தைக் குறைப்பான். இவர் கூட்டி வெச்சிருக்கார். கூட்டத்தைக் கூட்டினா வரி ஏறும்னுகூடத் தெரியாதவர் எப்படிக் கணக்கை மறைச்சிருப்பார்? இவர் முட்டாளா இருக்கலாம், அதுக்குச் சட்டத்துல அபராதம் இல்ல. இன்னொரு நாள் வாங்க. எப்பன்னு எங்ககிட்டச் சொல்ல வேணாம்."

அதிகாரி யோசித்தார். பென்சிலைக் காதுக்கு மேலே செருகினார். "சரி. சொல்லாம வருவேன்" என்றார்.

அவர் போனபின் ஆலோசகர் இவரிடம் திரும்பினார். திட்டுவார் என்று பார்த்தேன். "உங்களுக்காகப் பேசி முடிச்சு என் கை இன்னும் நடுங்குது பாருங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. அதைக் கேட்டபின் என் பயம் இரண்டு மடங்கு ஆனது. "அடுத்த தடவை நான் இங்க இல்லாதப்ப அவர் வந்தா ஒரே ஒரு வரிதான் சொல்லணும். 'ஆலோசகர் வந்த பிறகு பதில் சொல்றோம்.' எங்க, சொல்லுங்க."

இவர் சொன்னார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அக்காவும் தம்பியும் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களை வழியனுப்பும்போதுகூட இவர் விடவில்லை. "நம்ம ரெகுலர் ஆளுங்க எல்லாம் சாயங்காலம்தான்க்கா வருவாங்க, அதான்" என்றார். அண்ணி "ம்" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று ஒருத்தர் சொன்னால், கிட்டப் போய்த் துடைத்துவிடுவது கட்டின பெண்டாட்டியின் வேலை இல்லை.

அதன்பிறகு வந்த நாட்களை நான் எப்படிச் சொல்வது? எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம். தெருவில் ஒல்லியாக யார் நடந்தாலும் எனக்கு அதிகாரியாகத் தெரிந்தது. ஒருமுறை கரன்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம் இவர் "ஆலோசகர் வந்த பிறகு பதில் சொல்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைவிடக் கொடுமை, துணி கொண்டுவருபவர்களைப் பார்த்தே எனக்கு நடுக்கம் வந்தது. இன்றைக்குப் பார்த்து இவ்வளவு பேர் வருகிறார்களே, எதிர் வரிசைக் கார் எதிலாவது அந்த ஆள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால்? ஒரு அம்மா ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்தார். "நாளைக்கு எடுத்துட்டு வாங்களேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு எனக்கே அழுகை வந்தது. வாடிக்கையாளர் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட கடைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

இவர் பேச்சு குறைந்துபோனார். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடி இருப்பார். "என்னாலதானே" என்றார் ஒருநாள். "ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது? அப்புறம் மனசு கேட்காமல் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

அதிகாரி வந்தது ஒரு மந்தமான காலையில். நான் தலைகூட வாரவில்லை. பென்சில் காதில் இருந்தது, ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். இவர் எழுந்து நின்றார். "ஆலோசகர் வந்த பிறகு பதில் சொல்றோம்" என்றார்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே" என்றார் அதிகாரி.

இவர் போன் செய்துவிட்டு வந்து கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. நான் ஏற்கெனவே மடித்த துணிகளைக் கலைத்து மறுபடி மடித்தேன். இவர் வாசலைப் பார்ப்பார், அதிகாரியைப் பார்ப்பார், கீழே பார்ப்பார். அந்தக் காலி கவுன்டருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பயத்துக்கு நடுவிலும் அவர்மேல் இரக்கமாக இருந்தது.

ஒரு பஸ் டிரைவர் வந்தார். இரண்டு சீருடைச் சட்டைகள். வாங்கி ஒரு மெஷினில் போட்டேன். பக்கத்தில் எங்கள் வீட்டுத் துணிக் கூடை நிறைந்து வழிந்தது, அதைத் தொடவில்லை. அதிகாரி எழுந்து வந்து மெஷினின் கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தார். அவ்வளவு தண்ணீரில் இரண்டே சட்டைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. போய் மீட்டரைப் பார்த்து எழுதினார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

அப்போதுதான் ஆலோசகர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே, நேரம் காலம் தெரியாமல், அண்ணியும் வந்தார். அன்றைக்கு விட்டுப்போன மூட்டையை எடுக்க வந்தவர் அதிகாரியைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அதிகாரி யாரையும் கவனிக்கவில்லை. இவரையே பார்த்துக் கேட்டார். "இன்னிக்கு ஏன் கூட்டம் இல்ல?"

ஆலோசகர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, கண்ணாடியைக் கழற்றினார். "என்கிட்டக் கேளுங்க சார்."

"கணக்கு எல்லாம் உங்ககிட்டக் கேக்கறேன். இதை அவரே சொல்லட்டும். கடை அவரோடது."

எனக்கு இவரைத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்தது ஒரே பதில். இன்னிக்குதான் சார் இப்படி. நேத்து வந்திருந்தா நிக்க இடம் இருந்திருக்காது. அந்த ஒரு வாக்கியம் வாயிலிருந்து விழுந்தால் தீர்ந்தது. மெஷின், கடை, பின்பக்கத்து அறை எல்லாம் அதோடு போய்விடும். அதைச் சொல்ல வைக்கக்கூடிய ஒரே மனுஷி, இவருடைய அக்கா, வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் திரைச்சீலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

ஆலோசகர் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இவரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார் இவர்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல சார்" என்றார். "நேத்து இதுவும் இல்ல."

பென்சில் எழுதும் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறந்தபோது இவர் கவுன்டர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அண்ணி தன் மூட்டையை எடுக்காமலே போய்விட்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு மெக்கானிக் எண்ணெய் படிந்த உடுப்போடு வந்தார். அதையும் தனியாகப் போட்டேன். கடை மூடும்வரை அதிகாரி உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் வரவில்லை. போகும்போது வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது வரியை அன்றுதான் படித்தார் என்று நினைக்கிறேன்.

உத்தரவு வரும்வரை இன்னும் எத்தனை முறை செத்துப் பிழைத்தேன் என்று சொல்லிப் பயனில்லை. ஆலோசகரே கொண்டுவந்தார். தண்ணீரை வைத்துப் போட்ட கணக்கு கைவிடப்பட்டது. ஏதோ ஒரு படிவத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்குச் சின்ன அபராதம், கட்டிவிடலாம். இவருக்காக ஆலோசகர் ஒரு வரியைப் படித்துக் காட்டினார். 'நேரில் கண்டதில் இது மிகச் சிறிய, வருவாய் குறைந்த கடை என்பது உறுதியாகிறது.' இவர் அதைக் கையில் வாங்கி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"தப்பிச்சோம்" என்றேன்.

"ஆமா" என்றார். "அரசாங்கமே சொல்லிடுச்சு." அவர் சிரிக்க முயன்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆலோசகர் பார்க்கிறார் என்றுகூடப் பார்க்காமல்.

அடுத்த வாரம் ஒரு காலையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையின் முதல் வரிமேல் இவர் வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தார். கையில் ஒரு பை. எனக்கு மறுபடி அந்தப் பழைய பயம், இந்தத் தடவை வேறு விதமாக. அண்ணி இப்போது 'அடப் பாவமே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனிதர் ஸ்டூலிலிருந்து இறங்கவே மாட்டார்.

அண்ணி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பையைக் கவுன்டரில் வைத்தார், இவரும் ஸ்டூலிலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்தார். அவர் வீட்டுத் துணி. நிஜமான அழுக்கு, காலரில் கறை.

"சீட்டு குடு" என்றார் தம்பியைப் பார்த்து.

"என்னக்கா, நம்ம வீட்டுத் துணிக்குப் போய்ச் சீட்டா? அங்க வெச்சுட்டுப் போ, எங்களோடதோட சேத்துப் போட்டுடுவா."

"சேத்துப் போட வேணாம்" என்றார் அண்ணி. "தனியா போடு. வாரா வாரம் கொண்டு வருவேன். எல்லார்கிட்டயும் என்ன வாங்குறியோ அதை என்கிட்டயும் வாங்கணும்."

இவர் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு நின்றார். பிரஷ்ஷிலிருந்து கவுன்டர்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

நான் துணியை வாங்கிக்கொண்டு போனேன். மெஷின் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடை நிறைந்திருந்தது. என் கை அதை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. அண்ணியின் துணியை மட்டும் உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். தண்ணீர் நிரம்ப ஆரம்பித்தது.